பூச்சில் பார்த்துக்கொள்ளலாம்

மூன்று வாரங்களுக்கு முன் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. சுவரில் உளியால் கொத்திய ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் அளவு நாடா. நாடாவின் முனை செங்கல்லைத் தொட்டது. பூச்சின் மேற்பரப்பு ஒன்றேகால் அங்குலத்தில் நின்றது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "மேஸ்திரி, இது நீங்க கட்டுன ஊடுங்களாமே?"

அனுப்பியவன் குமார். என்னிடம் பதினோரு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, இப்போது கொல்லிமலையில் சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிற கொத்தனார். உள்சுவரில் பூச்சு அரை அங்குலம் இருந்தால் போதும். முக்கால் என்றால் கல் கொஞ்சம் கோணல். ஒன்றேகால் என்றால் யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள். இது குமாருக்குத் தெரியும், ஏனென்றால் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

போன் செய்தேன். சோளக்காட்டிலிருந்து அரை மணி நேர நடையில் இருக்கும் ராசம்மா அக்காவின் வீடு என்றான். ஃப்ரிட்ஜுக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று என இரண்டு ப்ளக் பாயிண்ட் வைக்க வேண்டுமாம். முதல் சுவரில் உளியை வைத்ததும் அது உள்ளே போய்க்கொண்டே இருந்ததாம்.

"கல்லே வரலீங்க மேஸ்திரி. நான் அந்தப் பக்கத்துக்கே போயிருவேனோன்னு பயந்துபோட்டேன்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாக நான் பெருமையடித்துக்கொண்டிருந்த வீடு அது. அங்கே ஒரு சுவரைத் தப்பாகக் கட்டி, நானே பிரித்து, நானே மறுபடி கட்டினேன். "இன்னிக்குப் போய்த் தூக்குக்குண்டு போட்டாலும் இம்மி அசையாது" என்று சாரத்தில் நின்றபடி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதை அதிக முறை கேட்டவன் குமார். அந்தச் சுவரும் கோணல் என்றால், என்னிடம் இருந்த ஒரே சான்றிதழும் போலி.

எங்கள் தொழிலில் பணி நிறைவு விழா கிடையாது. சாரத்தில் மூன்றாவது கம்பில் கால் வைக்கும்போது முழங்கால் மறுத்தால் அன்றோடு ஓய்வு. எனக்கு அது மூன்று ஆண்டுகளுக்கு முன் முள்ளுக்குறிச்சியில் ஒரு மாட்டுக் கொட்டகை வேலையில் நடந்தது. பார்த்துக்கொண்டிருந்தது ஒரு எருமை. அதற்குப் பிறகு என்னிடம் மிச்சமிருந்தது ஒரு தூக்குக்குண்டும் இந்தக் கதையும்தான்.

செங்கல் கட்டு வேலையின் அடிப்படை நாலு வரிதான். கல்லை நனை. நூலைக் கட்டு. இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் வை. குண்டு போட்டுப் பார். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எனக்குப் பிடிபட ஏழு ஆண்டுகள் ஆயின. நாலையும் தலா ஒரு முறையாவது மீறிவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் பேளுக்குறிச்சி முத்துசாமி மேஸ்திரி. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மரக்கட்டைப் பென்சில். முதல் மூன்று ஆண்டுகள் நான் கல் சுமந்தேன், கலவை போட்டேன், சாரம் கட்டினேன். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தோள்தான் அப்போது வேலை செய்தது. நாலாவது ஆண்டு, கலவை அள்ளி வைக்கும் கரணை கைக்கு வந்தது. அன்று முதல் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் யாரையும் திட்டியதில்லை. அதுதான் கொடுமை.

அவரிடம் இரண்டு சொற்கள் இருந்தன. "சாமி" என்று கூப்பிட்டால் வேலை பரவாயில்லை. "கண்ணு" என்று கூப்பிட்டால் பிரிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டுமே பாசமாகக் கூப்பிடுகிற சொற்கள். அவர் வாயில் மட்டும் ஒன்று தேர்ச்சி, இன்னொன்று தோல்வி. வீட்டில் என் அம்மாயி "கண்ணு, சாப்பிட வா" என்றால்கூட எனக்குத் திக்கென்றிருக்கும்.

நான் தனியாகக் கட்டிய முதல் சுவர், இடுப்பளவு உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழ் வரிசையில் இரண்டு கற்கள் சேரும் இடத்துக்கு நேர் மேலே அடுத்த வரிசையில் ஒரு முழுக்கல்லின் நடுப்பகுதி உட்கார வேண்டும். அதற்காக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரைக்கல்லில் தொடங்குவோம். அரைக்கல் உடைக்கச் சோம்பல்பட்டு எல்லா வரிசையையும் முழுக்கல்லில் தொடங்கிவிட்டேன். பார்க்க அழகாக, கட்டம் போட்ட நோட்டு மாதிரி இருந்தது. மேஸ்திரி வந்தார். உச்சியில் ஒரு இணைப்பில் விரலை வைத்து, எங்கும் திரும்பாமல் தரை வரை நேராக இழுத்தார்.

"ரோடு நல்லாப் போட்டிருக்கற கண்ணு. பஸ் உடலாம்."

அடுத்தது சித்திரை வெயிலில், பேளுக்குறிச்சியில். கல்லை நனைக்காமல் கட்டினேன். காய்ந்த செங்கல் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் பிடிக்க ஈரம் இருக்காது. மறுநாள் காலையில் மேஸ்திரி மேல் வரிசையிலிருந்து ஒரு கல்லை, பிளேட்டிலிருந்து பிஸ்கட் எடுப்பது போல இரண்டு விரலால் தூக்கினார். அடியில் கலவை மாவாக இருந்தது. ஊதினார். பறந்தது.

"கண்ணு, இது கட்டுனதா, அடுக்கி வெச்சதா?"

அன்றே முடிவு செய்தேன்: இனி உயிரே போனாலும் நனையாத கல்லைத் தொடுவதில்லை. ராசம்மா அக்கா வீட்டுக்கு வந்த கேடு அந்த முடிவிலிருந்துதான் தொடங்கியது.

குண்டு போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். நூலின் ஒரு முனையில் இரும்புக் குண்டு. நூல் ஒரு சின்ன மரக்கட்டையின் நடுவே ஓடும். கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒன்று. கட்டையைச் சுவரின் உச்சியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே விட்டால், அது ஒட்டியும் ஒட்டாமலும் நிற்க வேண்டும். விலகி நின்றால் சுவர் நம் பக்கம் சாய்கிறது. முட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பக்கம் சாய்கிறது. முத்துசாமி மேஸ்திரி இதில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். சந்தேகப்பட்ட சுவரின் உச்சியில் ஆணி அடித்து, கட்டையோடு குண்டைத் தொங்கவிட்டு, டீ குடிக்கப் போய்விடுவார். நாங்கள் குண்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். குண்டு ஆடி ஆடி மெதுவாக நிற்கும். அவர் திரும்பி வருவதற்குள் எங்களுக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

ராசம்மா அக்காவும் அவர் கணவர் வெள்ளையனும் மரவள்ளியும் மிளகும் வைத்திருந்த விவசாயிகள். பழைய வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் கூரையோடு இரண்டு அறை கட்டினார்கள். வேலை முடியும் வரை குடும்பமே மாட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அவர்கள் மகள் சாந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசி மழை வலுக்கும் முன், குழந்தை பிறக்கும் முன், தலைக்கு மேல் கூரை வேண்டும். அவர்கள் எங்களிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மூன்று சுவர்களை முத்துசாமி மேஸ்திரியே நின்று கட்டினார். கிழக்குச் சுவருக்குக் கல் தீர்ந்துவிட்டது. அந்தச் சுவர் வந்து கோத்துக்கொள்ள மூலைகளில் படி விட்டு நிறுத்தினோம். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அடுத்த டெம்போ வருவதற்குள் அவருக்குப் பேளுக்குறிச்சியில் வேறு வேலை வந்துவிட்டது. என்னைப் பொறுப்பாகப் போட்டார். எனக்குக் கீழே இரண்டு கொத்தனார்கள். என் வாழ்க்கையில் முதல் முறையாக என்னையும் ஒருவர் "மேஸ்திரி" என்று கூப்பிட்டார். நான் உடனே சட்டைப் பையில் ஒரு பென்சில் சொருகிக்கொண்டேன்.

கல் வந்து நாலு நாள் மூட்டம் விலகவில்லை. தூறல் வேறு. நான் விதியை மறக்கவில்லை. இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பச் சொல்லிக் கல்லை ஊறப்போட்டேன். தண்ணீரைக் கீழே ஓடையிலிருந்து தலையில் சுமந்து வந்தவர் ராசம்மா அக்கா. நாலாவது குடத்தை இறக்கிவிட்டு ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க கொத்தனாரே, நனைஞ்ச கல்லை எதுக்குங்க நனைக்கறீங்க?"

"கல்லு தண்ணி குடிக்குமுங்க அக்கா. குடிக்கலீன்னா கலவையில இருக்கறதைக் குடிச்சுப்போடும்."

"இது குடிச்சு முடிச்சு ஏப்பமே உட்டுருச்சுங்களே."

"அதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுங்க. இது டெக்னிக்கல்."

பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் ஐந்தாவது குடத்துக்குப் போனார்.

நிரம்பக் குடித்த கல் கலவை மேல் உட்காராது, மிதக்கும். அடியிலிருந்து பால் மாதிரி சிமெண்ட் தண்ணீர் வழியும். வழிந்ததைப் பார்த்தேன். ஈரம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ந்தேன். ஒரு நாளைக்கு நெஞ்சளவுக்கு மேல் கட்டக் கூடாது, கீழ் வரிசை இறுகாமல் மேல் பாரம் ஏற்றக் கூடாது என்பது இன்னொரு விதி. மேஸ்திரி வரும்போது முழுச் சுவரையும் காட்ட வேண்டும் என்ற ஆசையில் மூன்று நாள் வேலையை இரண்டு நாளில் முடித்தேன். இரண்டாம் நாள் மாலை காற்று அடித்தது. குண்டு நிற்காமல் ஆடியது. கையால் பிடித்து நிறுத்தினேன். கையால் நிறுத்திய குண்டு நமக்குப் பிடித்த இடத்தில்தான் நிற்கும்.

மறுநாள் காலை மூட்டம் விலகியது. சுவர் இரண்டு மூலைகளிலும் நேராகவும் நடுவில் யாரையோ எட்டிப் பார்ப்பது போலவும் நின்றது. யாரும் வருவதற்கு முன் குண்டு போட்டேன். உச்சி ஒன்றரை அங்குலம் உள்ளே சாய்ந்திருந்தது. மறுபடி போட்டேன். அதே ஒன்றரை. மூன்றாவது முறை குண்டின் மேல் சந்தேகம் வந்து, குண்டையே கழற்றிப் பார்த்தேன்.

அப்போதுதான் கொத்தனார்களின் மந்திரம் எனக்குள் தோன்றியது. பூச்சில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே அடியில் தடிப்பாகவும் வெளியே உச்சியில் தடிப்பாகவும் பூசினால், இரண்டு பக்கமும் சுவர் நேராகத் தெரியும். நடுவில் கல் மட்டும் கோணலாக, கூரையின் எடையைச் சுமந்துகொண்டு நிற்கும். மற்ற இரண்டு கொத்தனார்களும் பார்த்தார்கள். ஒருவர் பீடியைப் பற்றவைத்தார். மற்றவர், "நீங்கதானுங்களே மேஸ்திரி" என்றார். கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கான்கிரீட் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை ராசம்மா அக்கா ஒரு காலண்டரோடு வந்தார். முருகன் படம் போட்டது. புது வீட்டில் எங்கே மாட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்க்க, கல் இடுக்கில் ஆணியைச் சொருகி மாட்டினார். மேல் விளிம்பு சுவரைத் தொட்டது. கீழ் விளிம்பு விலகித் தொங்கியது.

"ஏனுங்க, முருகன் செவுத்தை உட்டு எட்ட நிக்கறாருங்களே?"

"காத்துங்க அக்கா."

"காத்தே அடிக்கலீங்களே."

"பூச்சு வரட்டுங்க. பூச்சுல பாத்துக்கலாம்."

அவர் ஆணியைப் பிடுங்கினார். பிறகு காலண்டரைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் முத்துசாமி மேஸ்திரி வந்தார். மறுநாள் கூரை. வாசலில் நின்று கிழக்குச் சுவரைப் பார்த்தார்.  என் சட்டைப் பையில் இருந்த பென்சிலையும் பார்த்தார். ஏணியை வைத்து ஏறி, ஆணி அடித்து, கட்டையோடு குண்டைத் தொங்கவிட்டு, டீக்கடைக்கு நடந்தார்.

அன்று காற்று இல்லை. குண்டு சீக்கிரமே நின்றுவிட்டது. நான் நின்றேன். வெள்ளையன் மிளகுக் கூடையோடு வந்து நின்றார். ராசம்மா அக்கா நின்றார். சாந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். குண்டுக்கும் சுவருக்கும் நடுவே என் இரண்டு விரல்கள் தாராளமாகப் போகும். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

மேஸ்திரி திரும்பி வந்தார்.

"கண்ணு."

"சரீங்க."

"நான் சொல்ல மாட்டேன். கட்டுனவன் நீ. ஊட்டுக்காரங்ககிட்ட நீயே சொல்லு."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கல்லை அதிகமா நனைச்சுப்போட்டேனுங்க. அவசரப்பட்டுக் கட்டிப்போட்டேன். பத்து நாளா எனக்குத் தெரியும். பிரிக்கோணுமுங்க." முப்பத்து மூன்று வயது ஆண், குண்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"எத்தனை நாளுங்க ஆகும்?" என்று கேட்டார் வெள்ளையன்.

"இருவது நாளாச்சும் ஆகுமுங்க."

அவர் சாந்தியைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"ஏப்பம் உட்ட கல்லுன்னு அன்னிக்கே சொன்னனுங்களே" என்றார் ராசம்மா அக்கா.

ஊறிய கல்லில் கலவை சரியாகப் பிடிக்காது. அதனால் சுவர் சுலபமாகப் பிரிந்தது. என் வேலையில் அன்று உதவியாக இருந்தது அந்த ஒரு குறைதான். உடையாமல் தேறிய கற்களைச் சுரண்டி அடுக்கினோம். போதவில்லை. குளியலறைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கற்களையும் எடுத்தோம். அந்தக் குடும்பம் ஓலைத் தடுப்பில் குளித்தது. தை மாதம் நானே போய்க் குளியலறையைக் கட்டிக்கொடுக்கும் வரை, என்னைக் கண்டால் அந்தப் பக்கத்து ஆட்கள் குளிக்கப் போவது போலத் துண்டைத் தோளில் போட்டுக் காட்டுவார்கள்.

இரண்டாவது முறை ஒவ்வொரு கல்லடுக்கையும் ராசம்மா அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் தொட்டேன். அவர் ஒரு கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "இது போதுங்க." "இது இன்னும் ரெண்டு வாய் குடிக்கும்." நான் குறித்துக்கொள்வேன். பென்சில் அதற்குத்தான் பயன்பட்டது. பாதிச் சுவரில் சாந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழந்தையோடு கொட்டகைக்கே திரும்பினாள். குழந்தை அழும்போதெல்லாம் என் கை வேகமெடுக்கும். பக்கத்தில் நிற்கும் மேஸ்திரி உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைப்பார்: மெதுவாக. நெஞ்சளவு வந்ததும் கரணையைக் கழுவச் சொல்லிவிடுவார். கூரை போட்டு, பலகை பிரித்து, அவர்கள் குடியேறும்போது குழந்தைக்குக் கழுத்து நின்றிருந்தது. மழை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் ஒன்றேகால் அங்குலப் பூச்சு. இரண்டாவது முறையும் தவறிவிட்டேனா?

மறுநாளே பஸ் ஏறினேன். சோளக்காட்டில் இறங்கி, ஒவ்வொரு மேட்டிலும் முழங்காலிடம் அனுமதி கேட்டு நடந்தேன். ராசம்மா அக்கா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளையன் இப்போது இல்லை. அன்று கொட்டகையில் அழுத குழந்தை திருப்பூரில் வேலை செய்கிறாள். ஃப்ரிட்ஜ் அவள் வாங்கி அனுப்பியதாம்.

"வாங்க கொத்தனாரே. உங்க செவுத்தைப் பாக்க வந்தீங்களாக்கும்?"

உள்ளே போனேன். குமார் பள்ளத்தைக் காட்டினான். நான் பள்ளத்தைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன், வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தேன்.

"டேய் குமாரு, இது மேக்குச் செவுரு."

"அதுக்கென்னங்க?"

"இது நான் கட்டுனதில்ல. முத்துசாமி மேஸ்திரி கட்டுனது."

குமார் உளியைக் கீழே வைத்தான். ராசம்மா அக்கா கதவருகில் வந்து நின்று சிரித்தார்.

"அவருக்குத் தெரியுமுங்க. அன்னிக்கு நீங்க கடப்பாரையில இடிச்சுக்கிட்டு இருந்தீங்கல்லோ, அப்ப அவரு உள்ள வந்தாரு. எஞ்செவுத்தையும் பாத்துர்றேனுங்கன்னு எங்கண்ணு முன்னாலயே குண்டைப் போட்டாரு. முக்கால் இஞ்சு. மூஞ்சியே சுருங்கிப்போச்சு மனுசனுக்கு. இது உழுகாதுங்க, பூச்சுல சரியாயிரும், ஆனா நீங்க பிரிக்கச் சொன்னாப் பிரிக்கறேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"ரெண்டு செவுத்தையும் பிரிச்சா எம்புள்ள எங்கீங்க படுப்பா? ஒண்ணு போதும், பூசிப்போடுங்கன்னேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே, இத்தனை வருசமா."

"சொல்லட்டுங்களான்னு கேட்டேனுங்க. வேண்டாம், அவன் இன்னும் பத்து வருசம் பயந்து கட்டட்டும்னாரு."

முத்துசாமி மேஸ்திரி போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பத்து ஆண்டு கெடு முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அந்த மந்திரத்தை இரண்டு பேருமே அதே வீட்டில்தான் சொல்லியிருக்கிறோம். அவர் குண்டைத் தொங்கவிட்டுக் காட்டிய பிறகு சொன்னார். நான் காற்றின் மேல் பழி போட்டுவிட்டுச் சொன்னேன்.

குமார் உளியை மறுபடி எடுத்தான். "மேஸ்திரி, கிரைண்டருக்கு ப்ளக்கு எதிர்ப்பக்கங்க. கிழக்குச் செவுத்துல."

 அந்தச் சுவரில், உச்சியிலும் அடியிலும் சரியாக ஒட்டிக்கொண்டு, இந்த ஆண்டுக் காலண்டர் தொங்கியது. பூச்சின் மேல் எந்தக் காலண்டரும் ஒட்டித் தொங்கும். உள்ளே கல் எப்படி நிற்கிறது என்பது உளிக்குத்தான் தெரியும்.

"கொத்து" என்றேன். ராசம்மா அக்கா கொடுத்த டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

மேஸ்திரி குண்டைத் தொங்கவிட்டுவிட்டு ஏன் டீ குடிக்கப் போவார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவராலும் நின்று பார்க்க முடிந்திருக்காது.

உள்ளே உளிச் சத்தம். ஐந்தாறு அடி. நின்றது. அளவு நாடாவை இழுக்கும் சத்தம். டீ ஆறிக்கொண்டிருந்தது, நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

என்னைவிட இருபத்தைந்து வயது இளையவன், என்னிடம் தொழில் பழகியவன், உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

"சாமி, உள்ள வாங்க."